கொல்லர் வீட்டுக்குப் போன செய்தி

2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். மோட்டார் பன்னிரண்டு நிமிடம் ஓடித் தொட்டி நிரம்பியது. 5.40க்கு நடக்கப் போய் 6.25க்குத் திரும்பினேன். வானம் மூட்டம், மழை இல்லை. இட்லி நான்கு, தக்காளிச் சட்னி. திங்கட்கிழமை புரட்டாசி பிறக்கிறது, அதனால் நாளை கறிக்கடையில் நிற்க இடம் இருக்காது என்று மனைவி சொன்னாள். 8.10க்கு வண்டியை எடுத்து 8.32க்கு மில்லில் கையெழுத்துப் போட்டேன்.

இது என் நாட்குறிப்பில் உள்ளபடியே எடுத்து எழுதியது. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒரு நோட்டு, நாளுக்கு ஒரு பக்கம், நீல மை. மனதில் என்ன ஓடியது என்பதெல்லாம் அதில் இருக்காது. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம், மழை எவ்வளவு நேரம் பெய்தது, அவ்வளவுதான். உறவில் யாருக்காவது ஒரு நாள் பற்றிச் சந்தேகம் வந்தால் எனக்குப் போன் வரும். எந்தக் குழந்தைக்கு எப்போது மொட்டை அடித்தது, யார் தோட்டத்துக் கிணற்றில் எந்த வருஷம் ஊற்றுக் கண்டது என்று நோட்டைப் புரட்டிச் சொல்வேன். நான் சொன்ன பிறகு பேச்சு இருக்காது.

வேலையும் அப்படிப்பட்டதுதான். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழித் தீவன மில்லில், ஆய்வகம் என் பொறுப்பு. மக்காச்சோள லாரி வந்ததும் மூட்டைக்குள் குத்தூசியை இறக்கிக் கொஞ்சம் எடுத்து ஈரம் பார்ப்பேன், பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பேன். கருவாட்டுத் தூள் என்றால் கிருமி வளர்த்துப் பார்ப்பேன். ஏதாவது ஒரு பண்ணையில் கோழிகள் செத்து விழுந்தால் எனக்கு வேறு வேலை தொடங்கும். அந்தக் கோழிகள் தின்ற தீவனம் எந்த நாள் அரைத்தது, அதில் எந்த லாரிச் சோளம் போனது, அது யார் மண்டியில் இருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பேன். கெட்ட மூட்டை எது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. நான்காம் நாளாவது கண்டுபிடித்துவிடுவேன்.

அன்று முதலில் வந்த லாரியின் சோளத்தில் ஈரம் பதினைந்து காட்டியது. பதினான்குக்கு மேல் போனால் இறக்க மாட்டோம். டிரைவர் முடிவுக்காக என் மேசை ஓரம் நின்றுகொண்டிருந்தார். மேசை மேல் இருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்தார்.

"ஏனுங் சார், சாமி புஸ்தகமுங்களா?"

"புத்தரைப் பத்துனது."

"அவரு பேசாம கண்ண மூடிட்டு உக்காந்திருப்பாருங்களே. அவரப் பத்தி எழுத இத்தாச்சோடு புஸ்தகம் எதுக்குங்க?"

"ஈரம் பதினஞ்சு வருது. எறக்க முடியாது."

"பாத்தீங்களா! கருணையப் பத்திப் படிச்சுப்போட்டு என்ர வண்டியத் திருப்பி அனுப்பறீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கிப் போனார்.

அந்தத் தடிப் புத்தகத்தைச் சேலத்தில் ஒரு புத்தகக் கண்காட்சியில் வாங்கினேன். பக்தியோ தேடலோ காரணம் இல்லை. சும்மா புரட்டியபோது பின்னால் ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. புத்தர் ஞானம் பெற்ற பிறகு வாழ்ந்த நாற்பத்தைந்து மழைக்காலங்களையும் எந்தெந்த ஊரில் கழித்தார் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதல் மழைக்காலம் இந்த ஊர், இரண்டாவது இன்ன ஊர் என்று. மழை வந்தால் ஓர் இடத்தில் தங்குவது, விட்டதும் நடப்பது. சொந்தமாக ஒரு நோட்டுகூட வைத்துக்கொள்ளாத மனிதர் எந்த மழைக்கு எங்கே ஒதுங்கினார் என்பதை மற்றவர்கள் இத்தனை கவனமாக நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் முன் வெகு நேரம் நின்றேன். வாங்கிவிட்டேன்.

இரண்டாவது புத்தகம் கிளை நூலகத்தில் எடுத்தது. போதனைகளை மட்டும் சுருக்கமாகச் சொல்வது. எனக்கு முன் படித்த யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். மூன்றாவது செவ்வாய்ப்பேட்டையில், மளிகை வாங்கப் போன இடத்தில், பழைய பேப்பர்க் கடையின் குவியலில் கிடைத்தது. அட்டையும் முதல் எட்டுப் பக்கங்களும் இல்லாததால் அதன் பெயர் எனக்குத் தெரியாது. நாட்குறிப்பில் அதை 'அட்டை இல்லாதது' என்றே எழுதி வருகிறேன்.

மூன்றையும் ஒன்பது மாதங்களாகப் படித்தேன். மதிய உணவுக்குப் பின் இருபது நிமிடம், மாலையில் ஒரு மணி நேரம். முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த நான்கு உண்மைகள். துன்பம் இருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும். நீக்க ஒரு வழி இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷச் சிரிப்பு. ஏனென்றால் இது எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும் நடைமுறைத் தாளேதான். கோழி விழுந்திருக்கிறது, ஒரு மூட்டை கெட்டிருக்கிறது, அந்த மூட்டையை விலக்கு, இன்னின்னபடி செய். இது இருந்தால் அது உண்டாகும், இது போனால் அதுவும் போகும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நம் ஆள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் மூன்று புத்தகங்களிலும் கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். புத்தருக்கு எண்பது வயது. ஏற்கெனவே உடல்நலம் சரியில்லை. ஓர் ஊரில் ஒரு கொல்லர் அவரையும் சீடர்களையும் சாப்பிட அழைக்கிறார். கொல்லர் விசேஷமாக ஒரு பதார்த்தம் செய்திருக்கிறார். அதை எனக்கு மட்டும் பரிமாறு, மற்றவர்களுக்கு வேண்டாம், மீந்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிடு என்கிறார் புத்தர். சாப்பிட்ட பின் கடுமையான வயிற்றுப்போக்கு, இரத்தத்தோடு. அந்த நிலையில் அடுத்த ஊருக்கு நடக்கிறார். அங்கே இறக்கிறார்.

நான் அந்தப் பதார்த்தத்தில் மாட்டிக்கொண்டேன். தடிப் புத்தகம் அதைப் பன்றிக்கறி என்றது. நூலகப் புத்தகம் காளான் என்றது. அட்டை இல்லாதது ஏதோ கிழங்கு என்றது. நாட்குறிப்பின் பின்பக்கத்தில் மூன்று பத்தி போட்டு அட்டவணை எழுதினேன். எத்தனை மணி நேரத்தில் நோய் கண்டது, மற்றவர்கள் சாப்பிட்டார்களா, கறியாக இருந்தால் எப்படி, காளானாக இருந்தால் எப்படி. நான்கு நாள் இதிலேயே போனது. அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

சனிக்கிழமை மாலை 6.45. மனைவி மறுநாளுக்காகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் மூன்று புத்தகங்களோடும் உட்கார்ந்திருந்தேன்.

"மூணும் மூணு விதமாச் சொல்லுது" என்றேன். "ஒண்ணு பன்னிக்கறிங்குது. ஒண்ணு காளாங்குது. இன்னொண்ணு கெழங்காம்."

"ரெண்டாயிரத்தைநூறு வருசத்துக்கு முன்னால ஆக்குன கொழம்புக்கும் நீங்க ரிப்போர்ட்டு குடுக்கோணுமாக்கும்."

"தெரிஞ்சுக்கறதுல என்ன தப்பு?"

"தப்பொண்ணுமில்லீங்க. கறியோ காளானோ இருந்துட்டுப் போகட்டும். ஆக்கிப் போட்டாரே அந்தக் கொல்லரு, அவரு என்ன ஆனாரு? அதச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. நான்கு நாளாக அந்தச் சாப்பாட்டைப் படித்தவன், சமைத்தவரைப் பற்றி யோசிக்கவே இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயே இருந்தது. மனைவிக்காக உரக்கப் படித்தேன். இங்கே என் சொற்களில் சொல்கிறேன்.

வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கிறார். தாகம். ஓர் ஆற்றில் குளித்துவிட்டு, மடித்துப் போட்ட துணி மேல் ஒருக்களித்துப் படுக்கிறார். இனி நீண்ட நேரம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்போது உடன் இருக்கும் சீடரிடம் கொல்லரைப் பற்றிப் பேசுகிறார். உன் வீட்டில் சாப்பிட்ட பிறகுதானே அவர் இறந்தார் என்று யாராவது அந்த மனிதரின் மனதை நோகடிப்பார்கள். அந்த வருத்தத்தை நீ போக்க வேண்டும். என் வாழ்வில் மற்ற எல்லாச் சாப்பாட்டையும்விட இரண்டு சாப்பாடு உயர்ந்தவை: ஞானம் பெறும் முன் உண்டது ஒன்று, உயிர் போகும் முன் உண்டது ஒன்று. இரண்டுக்கும் பலன் ஒன்றே. இதை நான் என் வாயால் சொன்னதாக அவரிடம் போய்ச் சொல்.

படித்து முடித்தபோது மனைவியின் கையில் கத்தி நின்றிருந்தது.

"சாகக் கெடக்கறவருக்கு இது எப்படீங்க தோணுச்சு?" என்றாள்.

நானும் அதையேதான் நினைத்தேன். உடம்பிலிருந்து இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. எண்பது வயது. ஒருவன் தன் வலியைத் தவிர வேறொன்றை நினைக்க முடியாத நேரம். அந்த நேரத்தில் அவர் எங்கோ பின்னால் விட்டு வந்த ஊரில், இன்னும் ஒன்றும் தெரியாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் நாளைய மனதைப் பார்த்துவிட்டார். யாரும் இன்னும் பழி சொல்லவில்லை. பழி வருவதற்கு முன்பே மருந்து கிளம்புகிறது.

அப்புறம் எனக்கு உறைத்தது இன்னொன்று. சாப்பாட்டில் குற்றம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. குற்றம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சையே எடுக்கவில்லை. மீந்ததைப் புதைக்கச் சொன்னவர் அவர். அது சோதனைக்கென்று யாருடைய மேசைக்கும் போகாது. காரணத்தைத் தேடு என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர் இங்கே மட்டும் தேடாமல் விட்டாரா என்று முதலில் திகைத்தேன். இல்லை. அவர் தேடியிருக்கிறார். நான் எப்போதும் பின்னோக்கிப் போவேன், லாரிக்கு, மண்டிக்கு, மூட்டைக்கு. அவர் முன்னோக்கிப் போயிருக்கிறார். அடுத்த துன்பம் எந்த வீட்டில், யார் நெஞ்சில் முளைக்கும் என்று பார்த்து அதன் காரணத்தை அங்கேயே கிள்ளியிருக்கிறார். மூன்று புத்தகங்களிலும் இந்த ஓர் இடத்தில் எந்த வேறுபாடும் இல்லை. பதார்த்தத்தில் மூன்றும் மூன்று விதம். செய்தியில் மூன்றும் ஒன்று.

மனைவி வெங்காயத்தை நகர்த்தி வைத்தாள்.

"அந்தச் சீடராட்டம் இங்க யாருமே போகலீங்களே" என்றாள்.

"எங்க?"

"உங்க தங்கச்சி ஊட்டுக்கு."

நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன்.

"நாலு வருசமா அது நமக்கு மூடி ஒடைக்காத பாட்டில்தான் குடுக்குது. நீங்க பாக்கவே இல்லீங்களா?"

இதைச் சொல்ல 2019 பங்குனிக்குப் போக வேண்டும். என் தங்கையைப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அந்த ஊர் மாரியம்மன் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி. நோம்பிக்கு மறுநாள் ஒரம்பரை, அதாவது உறவுக்காரர் எல்லாரும் கூடிச் சாப்பிடும் கறி விருந்து. அப்பாவை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். அவருக்கு எழுபத்தெட்டு. விருந்தில் நாற்பது பேராவது சாப்பிட்டிருப்போம். சமைத்தது முழுக்கத் தங்கை. மாலை வீடு திரும்பினோம். மறுநாள் காலை அப்பாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். மதியம் திருச்செங்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். நடைவழியில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

நோட்டு என் பையில் இருந்தது. எடுத்துப் படித்தேன். மதியம் 1.10, தங்கை வீடு, ஆட்டுக்கறிக் குழம்பு, குடல் வறுவல், சாதம், ரசம், மோர். டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் தங்கை பக்கம் திரும்பி, அத்தனை உறவுக்கும் நடுவில், கறியை எத்தனை மணிக்கு வாங்கினாய், எப்போது அடுப்பில் ஏற்றினாய் என்று கேட்டேன். சோளம் கொண்டுவந்த வியாபாரியிடம் கேட்கும் அதே குரலில்.

"காத்தால எட்டு மணிக்கு வாங்குனதுங்ண்ணா. பத்தரைக்கு ஏத்திட்டேன்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை, அப்பா இன்னும் உள்ளே கிடந்தபோது, அவள் வீட்டுக்குப் போய் ஃபிரிஜ்ஜில் மீதமிருந்த குழம்பை மில்லின் மாதிரி டப்பாவில் எடுத்தேன். எங்கள் ஸ்டிக்கரில் நான்கு வரி உண்டு: பொருள், வந்த இடம், எடுத்த நேரம், சந்தேகம். நான்கையும் நிரப்பினேன். நான் ஸ்டிக்கரை ஒட்டும்போது டப்பா நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

அன்று இரவு அப்பா இறந்துபோனார். சிறுநீரகம் ஏற்கெனவே பழுது, வயது, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார். விருந்தில் சாப்பிட்ட வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரே தீவனம் தின்ற பண்ணையில் பலவீனமான கோழிதான் முதலில் விழும் என்று என் தொழில் புத்தி விடவில்லை. தீவனத்துக்குச் செய்யும் சோதனைகளை எல்லாம் அந்தக் குழம்புக்குச் செய்தேன். ஏழாம் நாள் முடிவு வந்தது. 'குறிப்பிடும்படி எதுவும் இல்லை' என்று நாட்குறிப்பில் எழுதினேன். எனக்கு அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. முடிந்ததை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான் அவளைக் குற்றம் சொன்னதாகவே நினைக்கவில்லை. கேள்விதானே கேட்டேன்.

மனைவி சொன்ன பிறகு பீரோவைத் திறந்து நோட்டுகளை எடுத்தேன். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது. 2019 ஆவணி, தங்கை வீடு, பாட்டில் தண்ணீர், பிஸ்கட் பாக்கெட். 2020 முழுக்க நோய்க்காலம், வாசலோடு திரும்பியிருக்கிறோம். 2021 தை, கலர் சோடா இரண்டு பாட்டில். அதே ஆண்டு ஐப்பசி, கடையில் வாங்கிய முறுக்குப் பாக்கெட், பிரிக்காதது. 'பிரிக்காதது' என்றே எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. 2022 நோம்பி, சமையலுக்கு ஆள் வைத்திருந்தார்கள், உப்பு கூடுதல். 2023 ஆடி, இளநீர், என் எதிரில் வெட்டினார்கள். மொத்தம் பத்தொன்பது முறை போயிருக்கிறேன். பத்தொன்பது முறையும் அவள் கை பட்ட ஒரு கவளம் என் வாய்க்கு வரவில்லை. பாட்டிலை என் முன்னால் வைத்துவிட்டு, மூடி உடையும் சத்தம் கேட்கும்வரை அவள் நிற்பாள். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

கடைசியாக 2019 பங்குனிப் பக்கத்தைத் திறந்தேன். நான் மருத்துவமனையில் படித்த பக்கம். 1.10, ஆட்டுக்கறிக் குழம்பு, குடல் வறுவல். கீழே 5.35, வீடு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது.

அந்த வரியை நான்தான் எழுதியிருக்கிறேன். அப்பா எந்தச் சமையலையும் பாராட்டாத மனிதர். அதனால், வண்டியில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் சொன்னதை வழக்கத்துக்கு மாறாக அப்படியே குறித்து வைத்திருந்தேன். நடைவழியில் டாக்டருக்குப் படித்தபோது மேல் வரியைப் படித்து, இதைத் தாண்டி, கீழ் வரிக்குப் போயிருக்கிறேன். டாக்டருக்குத் தேவையில்லாதது என்று விட்டிருப்பேன்.

சொல்லி அனுப்பிய செய்தி என் கையிலேயே இருந்திருக்கிறது. நான்தான் அந்தச் சீடர். நாலரை வருஷம் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் மூன்று புத்தகங்களும் திறந்தே கிடந்தன.

"இப்பவே போன் போட்டுச் சொல்லட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"போன்ல சொல்ற சேதியாங்க இது? நேர்ல போங்க. அங்க போயிச் சோறு கேளுங்க" என்றாள். "டெஸ்ட்டுல ஒண்ணுமில்லைன்னு மொதல்லயே ஆரம்பிச்சுறாதீங்க. அதுக்கு நீங்க சர்ட்டிபிகேட் குடுக்கப் போகல."

மறுநாள், செப்டம்பர் 17, ஞாயிறு. மோட்டார் போடவில்லை. நடக்கப் போகவில்லை. முதல் வேலையாக 2019 நோட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு 6.05க்கு வண்டியை எடுத்தேன். மரவள்ளிக் காட்டு ஓரமாகப் போய்த் தங்கை வீட்டு வாசலில் நிறுத்தியபோது அவள் கோலம் போட்டு முடித்திருந்தாள். மாப்பிள்ளை, அவள் கணவர், கறிக்கடை வரிசையில் நிற்கப் போயிருந்தார்.

"என்னங்ண்ணா, இந்நேரத்துக்கு? அண்ணிக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. சும்மா வந்தேன்."

"நீங்க சும்மா வர்ற ஆளுங்களா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். மூடி உடையாதது. "இருங்க, கடையில பிஸ்கட்டு வாங்கிட்டு வாரேன்."

"பிஸ்கட் வேண்டாம். பசிக்குது. நேத்துச் சோறு இருக்குதா?"

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "தண்ணி ஊத்தி வெச்ச சோறு இருக்குதுங். தட்டப்பயிறுக் கொழம்பு. நேத்து வெச்சது."

"போடு."

"நேத்து மத்தியானம் வெச்சதுங்ண்ணா."

"போடு அம்மிணி."

என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு பக்கமாக உதட்டைச் சுழித்தாள், சிறு பெண்ணாக இருந்தபோது என்னைச் சண்டைக்கு இழுக்கும் முன் செய்வதுபோல. "டப்பா கொண்டாந்திருக்கீங்களா? ஸ்டிக்கரு?"

"கொண்டாரல."

"எத்தன மணிக்கு அடுப்புல இருந்து எறக்குனேன்னு கேக்கலியே?"

"கேக்க மாட்டேன்."

உள்ளே போனாள். பாத்திரம் நகரும் சத்தம் வெகு நேரம் கேட்டது. தட்டில் சோற்றைப் பிழிந்து வைத்து, குழம்பை ஊற்றி, பக்கத்தில் இரண்டு சின்ன வெங்காயம் வைத்துக் கொண்டுவந்தாள். கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் உட்காரவில்லை. என் ஒவ்வொரு கவளமும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றாள். பாதித் தட்டு காலியான பிறகுதான் பேசினாள்.

"அன்னைக்கு அய்யன் ரெண்டாந்தடவ கேட்டாருங்ண்ணா. வயசானவரு, போதுமுன்னு நான் சொல்லியிருக்கோணும். நானேதான் அள்ளிப் போட்டேன்."

அப்பா இரண்டாவது முறை கறி கேட்டது எனக்குத் தெரியாது. என் குறிப்பில் இல்லை.

"அந்த டப்பாவுல என்னங்ண்ணா வந்துச்சு?"

"ஒண்ணுமே வரல அம்மிணி. ஏழாம் நாளே தெரியும். உங்கிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்லாம விட்டுட்டேன்."

"நாலு வருசமா அது எனக்குத் தெரியாதுங்ண்ணா" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இடது கையால் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். நோட்டைப் பார்த்ததும் அவள் ஓர் அடி பின்னால் போனாள். "ஒரே ஒரு வரி. அன்னைக்கு நான் படிக்காம விட்டது" என்றேன். படித்தேன்.

"அப்பா வண்டியில் வரும்போது சொன்னார்: உங்கம்மா போனதுக்கப்பறம் இன்னைக்குத்தான்டா கறிச்சோறு தின்னாப்புல இருக்குது. அம்மிணிகிட்டச் சொல்லீரு."

'சொல்லீரு' என்று அவர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். நோட்டை என் கையிலிருந்து வாங்கவில்லை. விரலால் அந்த வரியை மட்டும் தொட்டாள்.

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வெளியே மாப்பிள்ளையின் வண்டிச் சத்தம் கேட்டது.

"கறி வந்துருச்சு" என்றாள். "அண்ணிக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க. மத்தியானத்துக்கு நான் ஆக்கறேன்."

சரி என்றேன். தட்டு காலியாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி நீட்டினேன்.